பன்னிரண்டு அடை மரம்

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு வணக்கம்.

குடியாத்தத்தில் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கலிபோர்னியாவில் மகள் வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டுப் போன வாரம்தான் ஊர் திரும்பினேன். இன்னும் தூக்கம் சரியாகவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

அக்டோபர் கடைசியில் ஒரு சனிக்கிழமை எங்களை ஒரு காட்டுக்கு அழைத்துப் போனார்கள். சான்டா குரூஸ் ஊருக்குப் பக்கம், நிசீன் மார்க்ஸ் என்று பெயர். நான், எங்கள் வீட்டுக்காரர், மகள், மாப்பிள்ளை, பேரன், பேத்தி என்று ஆறு பேர். புளிசாதம் கட்டிக்கொண்டு போனோம். லாரி போகிற அகலத்துக்கு ஒரு மண் ரோடு, ஆனால் வண்டி ஒன்றும் வரக் காணோம். இரண்டு பக்கமும் செம்மரங்கள். அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து பிடித்துக்கொண்டது. "நம்ம கோட்டைக் கோயில் கோபுரத்தை ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டு வைக்கலாம் போல" என்றார் எங்கள் வீட்டுக்காரர். ஓடை ஓரத்தில் மட்டும் வேறு ஒரு மரம், மேப்பிளாம். இலை சாப்பாட்டுத் தட்டு அளவு, மஞ்சள் மஞ்சளாக உதிர்ந்து கிடந்தது. அங்கே இலையுதிர்காலம். போக மூன்று மைல், வர மூன்று மைல் நடந்தோம். என் முழங்கால் அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை.

ஓர் இடத்தில் ஏழெட்டு மரங்கள் வட்டமாக, யாரோ அளந்து நட்ட மாதிரி நின்றன. நடுவில் பிள்ளைகளை நிற்க வைத்துப் போட்டோ எடுத்தோம். இன்னோர் இடத்தில் ஆள் உயரத்துக்கு மேலான கறுத்த அடிக்கட்டை ஒன்று. அதில் இரண்டு கண் மாதிரி இரண்டு பள்ளம். பேரன் அதைப் பேய் என்று சொல்லி, திரும்பி வரும்போது கண்ணை மூடிக்கொண்டே தாண்டினான். 1989 நிலநடுக்கம் அந்தக் காட்டுக்கு அடியில்தான் தொடங்கியது என்றும் சொன்னார்கள்.

சாப்பிடும்போது பேரன் கேட்டான்: "ஆயா, உங்க ஊர்ல இவ்ளோ பெரிய மரம் இருக்குதா?" 34 வருஷம் பாடம் நடத்தியவள், பதில் இல்லாமல் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தேன். ஏலகிரிக்குப் பள்ளிப் பிள்ளைகளை எத்தனையோ முறை டூர் கூட்டிப் போயிருக்கிறேன். படகும் பூங்காவும்தான் ஞாபகத்தில் இருக்கிறது. நம் பக்கத்து மலைகளில் புதர்தானே அதிகம்? நமக்கு ஏன் அந்த மாதிரி மரம் வாய்க்கவில்லை? அடுத்த தீபாவளிக்கு அவர்கள் இங்கே வருகிறார்கள். பிள்ளைகளை எங்கே நடக்கக் கூட்டிப் போவது? நம் இலையுதிர்காலத்தில் காட்டுக்குள் நடக்க முடியுமா?

அன்புடன்,
எம்., குடியாத்தம்

*

அன்புள்ள டீச்சர்,

முதலில் ஒரு எச்சரிக்கை. அந்த மரத்தைச் 'செம்மரம்' என்று எழுதியிருக்கிறீர்கள். மொழிபெயர்ப்பு சரிதான், ஆனால் நம் பக்கத்துப் பேருந்தில் உட்கார்ந்துகொண்டு 'குடும்பத்தோடு செம்மரம் பார்க்கப் போனேன்' என்று உரக்கச் சொல்லாதீர்கள். நம் ஊரில் அந்தச் சொல் வேறு மரத்துக்கு, வேறு கதைக்குச் சொந்தமானது. அதற்குப் பிறகு வருகிறேன். அதுவரை உங்கள் மரம் ரெட்வுட்டாகவே இருக்கட்டும்.

பேரன் பேயில் தொடங்குவோம். அந்த இரண்டு கண்களும் கோடாலியால் கொத்திய பள்ளங்கள். ரெட்வுட்டின் அடிமரம் தரையோடு பாவாடை விரித்த மாதிரி அகன்றிருக்கும். அங்கே அறுத்தால் வேலை இரண்டு மடங்கு. அதனால் ஆள் உயரத்துக்கு மேலே, மரம் ஒடுங்குகிற இடத்தில் அறுப்பார்கள். ஏறி நிற்க இடம் வேண்டுமே? இருபுறமும் பள்ளம் கொத்தி, அதில் பலகையைச் செருகி, ஆளுக்கொரு பலகை மேல் நின்று நீள ரம்பத்தை இழுத்தார்கள். மரம் விழுந்தது, பலகை போயிற்று, பள்ளம் நிற்கிறது. பேரனிடம் சொல்லுங்கள். பேயைவிட அவனுக்கு இது பிடிக்கும் என்று நினைக்கிறேன். பலகையில் நின்றவனின் தைரியம் பையன்களுக்குப் புரியும்.

நீங்கள் போட்டோ எடுத்த வட்டமும் அதே கதைதான். ரெட்வுட்டை வெட்டினால் அடிக்கட்டையைச் சுற்றித் துளிர் கிளம்பும். முருங்கையை வெட்டிவிட்ட மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு வருஷத்தில் அந்தத் துளிர்களே மரங்களாகி வட்டம் கட்டி நிற்கும், நடுவிலிருந்த தாய்மரம் மக்கிப் போயிருக்கும். பிள்ளைகள் நின்றது அது இருந்த இடத்தில். போட்டோவைப் பெரிதாக்கி அவர்கள் காலடியைப் பாருங்கள். கட்டையின் மிச்சம் தெரிந்தாலும் தெரியும்.

நிசீன் மார்க்ஸ் காடு முழுக்கவே இப்படி இரண்டாம் முறை எழுந்த காடுதான். 1883லிருந்து 1923 வரை 40 வருஷம் ஒரு மரக் கம்பெனி அங்கே அறுத்துத் தள்ளியது. கட்டைகளை இறக்க மலை மேல் ரயில் பாதையே போட்டார்கள், போட்டவர்கள் பெரும்பாலும் சீனத் தொழிலாளர்கள். அறுக்க மரம் தீர்ந்ததும் தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். பிறகு அந்த நிலத்தை வாங்கிய ஒரு விவசாயக் குடும்பம் 1963ல் அதை மாநில அரசுக்குக் கொடுத்தது. நிசீன் மார்க்ஸ் என்பது அந்தப் பிள்ளைகளின் அம்மா பெயர். ஆக, நீங்கள் அண்ணாந்து கழுத்து பிடித்துக்கொண்ட மரங்கள் பெரும்பாலும் நூறு வயதுப் பிள்ளைகள். சார் போட்ட கோபுரக் கணக்கு அவற்றுக்குச் சரியாகவே வரும், வேலூர்க் கோட்டைக்குள் இருக்கிற ஜலகண்டேஸ்வரர் கோயில் கோபுரம் நூறு அடிக்குக் கொஞ்சம் மேல். முழு வளர்ச்சி பார்க்க வேண்டுமென்றால் வடக்கே பல மணி நேரம் போக வேண்டும். அங்கே 2006ல் கண்டுபிடித்து அளந்த ஒரு மரம் ஏறக்குறைய 380 அடி. பார்க்க வந்தவர்கள் மிதித்தே வேரடி கெட்டுப்போகிறது என்று 2022ல் அந்த இடத்துக்கு ஆள் போகக் கூடாது, போனால் அபராதம் என்று அறிவித்துவிட்டார்கள்.

(1989 என்றதும் எனக்கு வேறு ஒன்று ஞாபகம் வந்தது. அந்த நிலநடுக்கம் அக்டோபர் 17. அதற்குச் சரியாக 17 நாள் முன்னால், செப்டம்பர் 30 அன்று, நம் வட ஆற்காடு மாவட்டம் நிலம் நடுங்காமலே இரண்டாகப் பிளந்தது. ஜவ்வாது மலையின் நடுவே கோடு போட்டு, ஜமுனாமரத்தூரைத் திருவண்ணாமலைப் பக்கம் கொடுத்தார்கள். 2019ல் மிச்சத்தை மூன்றாக்கியபோது மலையின் மேற்குப் பக்கம் திருப்பத்தூருக்குப் போனது. மலையில் இருக்கிறவர்களுக்கு எந்தக் கலெக்டர் ஆபீசுக்கு எந்தப் பஸ் என்பதுதான் மாறியது.)

இப்போது ரோட்டுக்கு வருகிறேன். 'லாரி போகிற அகலத்துக்கு ஒரு மண் ரோடு, வண்டி ஒன்றும் வரக் காணோம்' என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை படித்த வரி அது. காட்டுக்குள் அவ்வளவு அகலமாக யார் ரோடு போட்டார்கள், எதற்காக? நடக்க வருகிறவர்களுக்காக யாரும் மலையை வெட்ட மாட்டார்கள். மரம் வெளியே வர வேண்டும், அதற்குத்தான் ரோடு. அங்கே ரயில் பாதை போன தடத்தின் மேல்தான் பெரும்பகுதி நீங்கள் நடந்திருப்பீர்கள். அதனால்தான் உங்கள் முழங்காலும் பேசவில்லை. ரயில் ஏறுகிற சரிவு மெல்லிய சரிவு.

நம் ஜவ்வாது மலையிலும் அப்படி ரோடுகள் உண்டு. மலையில் யாரைக் கேட்டாலும் 'கூப்பு ரோடு' என்பார்கள். காட்டைப் பாத்தி கட்டின மாதிரி துண்டு துண்டாகப் பிரித்து நம்பர் போட்டு, வருஷத்துக்கு ஒரு துண்டை ஏலம் விடுவார்கள். அந்தத் துண்டுக்குப் பெயர் கூப்பு. வெள்ளைக்காரன் காலத்தில் வந்த பிரெஞ்சுச் சொல், நம் வாயில் நன்றாக உட்கார்ந்துவிட்டது. கடைசித் துண்டை வெட்டி முடிக்கிறபோது முதல் துண்டு மறுபடி துளிர்த்து வெட்டுக்குத் தயாராக இருக்கும் என்பது திட்டம். காகிதத்தில் அழகான திட்டம்.

என் தாய்மாமா 1970களில் ஆலங்காயம் பக்கம் ஒரு கூப்பு காண்ட்ராக்டரிடம் கணக்குப்பிள்ளையாக இருந்தார். பள்ளி விடுமுறையில் என்னை ஒரு முறை கூட்டிப்போனார். நான் பார்த்ததில் மறக்க முடியாதது அந்தச் சுத்தி. தலையின் ஒரு முகத்தில் எழுத்து புடைத்துக்கொண்டிருக்கும். காட்டிலாகா ஆள் மரத்தின் பட்டையை ஓர் உள்ளங்கை அகலம் சீவுவார். உள்ளே வெளுத்த சதை. அதில் ஓங்கி ஒரே அடி. சுத்தியை எடுத்தால் மரத்தில் எழுத்து பதிந்திருக்கும், அதன் ஓரத்தில் சாறு கசிந்து நிற்கும். 'சுத்தி விழுந்த மரம்' என்றால் அதன் கணக்கு முடிந்தது என்று அர்த்தம். மாமா நோட்டில் நம்பர் எழுதுவார். விறகை அட்டி அடுக்கி, அளந்து, லாரியில் ஏற்றி, திருப்பத்தூருக்கு இறக்குவார்கள். நான் லோடு மேலே படுத்துக்கொண்டு நட்சத்திரம் பார்த்தபடி வந்தேன். அந்த வயதில் அது பெரிய சந்தோஷம், இப்போது நினைத்தாலும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். வயதான பிறகு மாமாவை அதே ரோட்டில் காரில் கூட்டிப்போனபோது ஊர்ப் பெயர் ஒன்றும் அவருக்கு ஞாபகமில்லை. "இது நாப்பத்தி மூணு... இந்தத் திருப்பம் தாண்டினா நாப்பத்தி நாலு" என்று கூப்பு நம்பராகச் சொல்லிக்கொண்டே வந்தார்.

மாமா காலத்துக்கு நூறு வருஷம் முன்பே இது தொடங்கிவிட்டது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856ல் ராயபுரத்திலிருந்து நம் வாலாஜா ரோடு வரை ஓடியது. பிறகு அதே பாதை உங்கள் குடியாத்தம் வழியாக, ஜோலார்பேட்டை வழியாக மேற்கே போனது. தண்டவாளத்துக்கு அடியில் போடக் கட்டை வேண்டும், அந்தக் கால என்ஜினுக்கு எரிக்க விறகும் வேண்டும். பாதைக்கு இருபுறமும் தெரிகிற நம் மலைகள் ஏன் மொட்டையாக இருக்கின்றன என்று கேட்டீர்கள். பதிலில் ஒரு பாதி அந்த ஸ்டேஷனில் நின்று பார்த்தாலே தெரியும்.

இன்னொரு பங்கு உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பேரணாம்பட்டுப் பக்கம் காற்று திரும்பினால் ஒரு வாசனை வருமே, அதுதான். குரோம் வருவதற்கு முன்னால் நம் ஊர்த் தோலைப் பதனிட்டது ஆவாரம்பட்டையும் கடுக்காயும். ஆவாரஞ்செடியைப் பட்டை உரித்துக் கட்டுக் கட்டாக வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் கொண்டு போனார்கள். கடுக்காயை மலைக்காரர்கள் பொறுக்கி மூட்டை கட்டிக் கொடுத்தார்கள். இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன் என்றால், நீங்கள் நடந்த காட்டில் ரெட்வுட்டின் நிழலில் ஓக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மரம் வளரும். அதன் பெயரே 'தோல் பதனிடும் ஓக்' என்றுதான் பொருள் தரும். சான்டா குரூஸில் அந்தக் காலத்தில் தோல் பதனிடும் ஷாப்புகள் இருந்தன. அந்த மரத்தின் பட்டையை உரித்துக் கழுதை மேல் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். உரித்த மரம் நின்றபடியே செத்தது. ஆக, உங்கள் மகள் வீட்டுக்குப் பக்கத்திலும் ஒரு பேரணாம்பட்டு இருந்திருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டபோது எனக்கு அந்தக் காடு ஒன்றுவிட்ட சொந்தம் மாதிரி ஆகிவிட்டது.

சந்தனத்தில் துளிர்க்கிற கதையே கிடையாது. ஜவ்வாது மலைச் சந்தனத்துக்குத் திருப்பத்தூரில் அரசுக் கிடங்கு வைத்து ஏலம் விட்டார்கள். மரம் ஒன்றும் உயரமில்லை, வீட்டுக் கூரையைத் தாண்டினால் அதிகம். ஆனால் எண்ணெய் வேரில்தான் கூடுதல் என்பதால் அதை யாரும் அறுப்பதில்லை, வேரோடு தோண்டி எடுப்பார்கள். வெட்டிய இடத்தில் கட்டை இல்லை, வட்டம் இல்லை, ஒரு குழிதான். இரண்டு மழையில் அதுவும் தூர்ந்துவிடும்.

செம்மரத்துக்கு வருகிறேன் என்றேன். நம் செம்மரம் உலகத்தில் வளர்கிற இடமே கிழக்கு மலைத்தொடரின் தென்பகுதிதான். பெரும்பங்கு ஆந்திராவின் கடப்பா, சித்தூர்ப் பக்கம், கொஞ்சம் நம் எல்லைக்குள். 1911 வரை சித்தூரே வட ஆற்காட்டில்தான் இருந்தது. அந்த மரத்தை வெட்டிச் சுமக்க நம் மலை ஊர்களிலிருந்தும் அடிவார ஊர்களிலிருந்தும் ஆள் பிடித்துக்கொண்டு போனார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், தமிழ்நாட்டுக்காரர்கள். தோளில் சுமந்தவன் பெயர்தான் பேப்பரில் வந்தது. அந்த மரத்தால் மாடி வீடு கட்டினவன் பெயரை நான் இன்னும் எங்கேயும் படிக்கவில்லை. பேரனிடம் இதை இப்போது சொல்ல வேண்டாம். மாப்பிள்ளையிடம் சொல்லுங்கள்.

சரி, கூப்பே வராமல் இருந்திருந்தால் நம் மலையில் 380 அடி மரம் நின்றிருக்குமா? நின்றிருக்காது. ரெட்வுட் அந்த உயரத்துக்குப் போவது கடல் மூடுபனியால். அங்கே கோடையில் மழை கிடையாது, ஆனால் பசிபிக்கிலிருந்து பனி ஏறி வந்து மரத்தை மூடிக்கொள்ளும். வேரிலிருந்து அவ்வளவு உயரத்துக்கு நீரை இழுப்பது எந்த மரத்துக்கும் கஷ்டம், இது உச்சி இலையாலேயே பனியைக் குடித்துக்கொள்கிறது. சொட்டுகிற மிச்சம் அடியில் மண்ணை நனைக்கிறது. வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அக்னி நட்சத்திரத்தில் இங்கே ஒரு மரம் செய்யக்கூடிய புத்திசாலித்தனம் உயராமல் இருப்பது, இலையை முன்கூட்டியே கழற்றிப் போடுவது, வேரைப் பாறை இடுக்கில் ஆழமாக விடுவது. வெக்காலி, உசிலை, கருமருது, வேங்கை, தான்றி எல்லாம் இந்தக் கணக்குப் படித்த மரங்கள். நீங்கள் புதர் என்று நினைப்பதில் பாதி, வெட்டி வெட்டித் துளிர்த்த கட்டைகள். ஒரு தூரில் ஐந்தாறு கிளை சேர்ந்து நின்றால் குனிந்து அடியைப் பாருங்கள். அங்கேயும் உங்கள் கலிபோர்னியா வட்டம்தான், சின்ன அளவில்.

இலையைக் கழற்றுவது என்றதும் உங்கள் கடைசிக் கேள்வி. 'நம் இலையுதிர்காலம்' என்று எழுதியிருக்கிறீர்கள். வகுப்பில் இலையுதிர்காலம் என்று படம் போட்டுப் பாடம் நடத்திய பழக்கம் போலிருக்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். அக்டோபர், நவம்பர் நமக்கு ஐப்பசி, கார்த்திகை. பழைய பெரும்பொழுதுக் கணக்கில் கூதிர். அடைமழை. அந்த மாதத்தில் நம் காட்டில் ஓர் இலை உதிராது, வருஷத்திலேயே மலை அதிகப் பச்சையாக இருப்பது அப்போதுதான். இங்கே இலை உதிர்வது மாசி, பங்குனியில், பின்பனிக் காலத்தில். பாலைத் திணைக்கு முதுவேனிலோடு ஏன் பின்பனியையும் சேர்த்தார்கள் என்று படிக்கிற காலத்தில் எனக்கு விளங்கவில்லை. மாசிக் கடைசியில் ஜவ்வாது மலையில் நடந்தபோதுதான் விளங்கியது. மொட்டை மரம், காலடியில் அப்பளம் மாதிரி நொறுங்குகிற சருகு, நடுவில் இலையே இல்லாமல் மஞ்சளாகப் பூத்து நிற்கிற கோங்கு. ஆனால் அந்த மாதத்தில் பிள்ளைகளைக் காட்டுக்குள் கூட்டிப்போகாதீர்கள். அதே சருகில் தீ எப்படி ஓடும் என்பதை 2018 மார்ச்சில் குரங்கணியில் பார்த்தோம். மலையேறப் போன 23 பேர் போனார்கள்.

ஆகவே தீபாவளி சமயம் நல்ல சமயம். போன ஐப்பசியில் நாங்களும் அப்படித்தான் போனோம். நான், வீட்டில் அவர்கள், மகன், மருமகள், ஏழு வயதுப் பேத்தி. வேலூரிலிருந்து கணியம்பாடி வழியாக அமிர்தி, அங்கிருந்து மலைக்கு ஏறும் ரோட்டில் கொஞ்ச தூரம். வேன் டிரைவர் மேகத்தைப் பார்த்துவிட்டு, "இதுக்கு மேல நான் வர்ல சார், நீங்க நடந்துட்டு வாங்க" என்று டீக்கடையில் உட்கார்ந்துவிட்டார். அவர் செய்த உபகாரம். ஓடைப் பக்கமாக ரோடு இறங்குகிற இடத்தில் ஒரு நீர்மருது. பட்டை வெளுத்து வழுவழுவென்று, ஆங்காங்கே தோல் உரிந்த மாதிரி. அடிமரம் முறுக்கிப் பிழிந்த ஈரத்துணி போல மடிப்பு மடிப்பாக இறங்கி, பாறையைக் கவ்விக்கொண்டிருந்தது. உயரம் என்று பார்த்தால் கோபுரத்தில் முக்கால் கூட இருக்காது.

பேத்தி அளக்க வேண்டும் என்றாள். ஐந்து பேரும் கை கோக்கலாம் என்றால் ஒரு பக்கம் ஓடை, கால் வைக்க இடமில்லை. மழைக்கு மாற்றுத்துணியாக வீட்டில் அவர்கள் ஒரு பழைய வாயில் புடவை எடுத்து வந்திருந்தார்கள் (ஆரணிப் பட்டு என்றால் தந்திருக்க மாட்டார்கள்). மகன் தண்ணீரில் இறங்கி முந்தானையைச் சுற்றிக் கொண்டுவந்தான். ஐந்தரை மீட்டர் புடவை, ஒரு முழம் போதவில்லை. பேத்தி அதை நோட்டில் 'ஒரு சேலை, ஒரு முழம்' என்று எழுதிக்கொண்டாள்.

நாங்கள் மரத்துக்குப் புடவை கட்டுவதைப் பார்த்து, சாமைக் கதிர் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வந்த மலைக்காரப் பெரியவர் ஒருவர் நின்றுவிட்டார். வேண்டுதலா என்று கேட்டார். இல்லை, அளக்கிறோம் என்றேன். மரத்துக்கு என்ன வயசு இருக்கும் என்று நகரத்துக்காரன் கேட்கிற கேள்வியையும் கேட்டேன்.

"வயசா? அத எவன் பாத்தான் சாமி. இது பன்னண்டு அடை மரம்."

புரியவில்லை. அவர் கட்டை இறக்கி வைத்துவிட்டு மேலே காட்டினார். தரைக்கு மட்டமாக நீண்ட கிளைகளின் அடிப்புறத்தில் கறுப்பாக, அரைவட்டமாகத் தடங்கள். பெருந்தேனீ கட்டிய அடைகள் இருந்த இடம், மெழுகு மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பூக்காலத்தில் வந்து கட்டும், மழைக்கு முன்னால் கிளம்பிவிடும், மறு வருஷம் வேறு எங்கும் போகாமல் இதே மரத்துக்கு வரும். கீழே உள்ள மரம் நாலு அடை, பாறை மேலே ஒன்று இருக்கிறது, அது ஏழு. ஒரு வருஷம் இதில் பதினைந்துகூடக் கட்டியதாம். கூப்பு வெட்டின காலத்தில் இது எப்படித் தப்பியது என்று கேட்டேன். "சுத்தி போட வந்தாங்க. அன்னிக்கு அடை இருந்தது. எவன் கிட்ட போவான்?" என்று சிரித்தார்.

ஏழு வயதுக்காரி நோட்டைத் திறந்து சேலைக்குப் பக்கத்தில் '12' என்று எழுதினாள். தடங்களை எண்ணிப் பார்த்தாள், ஒன்பதுதான் வந்தது. மறுபக்கம் இருக்கும் என்று பெரியவர் சமாதானம் சொன்னார். மறுபக்கம் போக ஓடை விடவில்லை.

உங்கள் பேரனுக்கு என்ன பதில் சொல்வது என்பதை இனி உங்களிடமே விடுகிறேன். நடைமுறைக்கு மட்டும் சில வார்த்தை. ரோட்டை விட்டுக் காப்புக் காட்டுக்குள் இறங்குவதானால் வனத்துறை அனுமதி வேண்டும், கேட்டுக்கொண்டு போங்கள். கரடி உண்டு, விடிகாலையும் அந்தியும் வேண்டாம். மேலே மலையில் மழை என்றால் நாகநதி ஓடைகளில் காலை வைக்காதீர்கள். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் வந்துவிடும். புடவை ஒன்று கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். மகளிடமும் சொல்லி, அடுத்த முறை அந்த வட்டத்துக்குப் போகும்போது சுற்றளவைச் சேலைக் கணக்கில் எடுத்துவரச் சொல்லுங்கள்.

அப்புறம் அந்தப் புளிசாதம். கலிபோர்னியாவில் கையில் வைத்துக்கொண்டு நடந்திருப்பீர்கள். அமிர்தியில் பையைத் திறக்காதீர்கள். போன முறை எங்கள் தயிர்சாதத்தைப் பாத்திரத்தோடு தூக்கிக்கொண்டு போன குரங்கு, மூடியை மட்டும் திருப்பிப் போட்டது.